பதினொரு பேர் இங்கிலாந்தில், மானேஜர் சிதம்பரத்தில்!

கையில் காசு இல்லை. மைதானம் இல்லை. பந்துகூடக் கிடையாது. ஆனாலும் சிதம்பரத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் கால்பந்து அணிக்கு மானேஜர் ஆகிவிடலாம்!

அது எப்படி?

இங்கிலாந்தில் "பிரிமியர் லீக்" என்ற பெரிய கால்பந்துப் போட்டி நடக்கிறது. 20 அணிகள் மோதுகின்றன. அதை ஒட்டி 2002-ம் ஆண்டில் ஒரு வேடிக்கை விளையாட்டைத் தொடங்கினார்கள். "பாண்டசி லீக்" என்று பெயர். மனக்கோட்டைக் கால்பந்து என்று நாம் சொல்லலாம்.

கணக்கு இதுதான்

செல்போனில் உங்களுக்கு 10 கோடி பவுண்டு தருவார்கள். மலைத்துவிடாதீர்கள், அது கற்பனைப் பணம்! அதைக்கொண்டு 15 வீரர்களை "வாங்க" வேண்டும். ஒரே அணியில் 3 பேருக்கு மேல் எடுக்கக் கூடாது. வாரந்தோறும் 11 பேரைக் களத்தில் இறக்க வேண்டும்.

உண்மை ஆட்டத்தில் உங்கள் வீரர் கோல் போட்டால் உங்களுக்குப் புள்ளி. சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினால் 3 புள்ளி போச்சு! ஒருவரைக் கேப்டன் ஆக்கலாம். அவருடைய புள்ளி இரட்டிப்பாகும்.

இதற்குக் கட்டணம் இல்லை. உலகம் முழுவதும் 1 கோடிப் பேருக்கு மேல் ஆடியிருக்கிறார்கள்.

ஆற்றுக்குள் மெஸ்ஸி!

கால்பந்து ரசிகர்களின் ஆசைக்கு அளவு உண்டா? 2022-ம் ஆண்டு உலகக் கோப்பையின்போது கேரளத்தில், கோழிக்கோடு அருகே புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடி உயர "கட்-அவுட்" வைத்தார்கள். எதிர்க் கட்சி சும்மா இருக்குமா? நெய்மாருக்கு 40 அடியில் வைத்தார்கள்!

சென்னையிலும் ரசிகர் கூட்டம் உண்டு. சென்னையின் எப்.சி. அணி 2015-லும் 2018-லும் இந்திய சூப்பர் லீக் கோப்பையை வென்றபோது கொண்டாடித் தீர்த்தார்கள்.

பணம் புகுந்தால்...

மனக்கோட்டை கட்டுவதில் தவறில்லை. அதில் சம்பளப் பணத்தைப் போட்டால்தான் ஆபத்து. பணம் கட்டி ஆடும் செல்போன் ஆட்டங்களில் பல குடும்பங்கள் கடனாளி ஆயின. இத்தகைய ஆட்டங்களுக்குத் தடை விதித்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. ஆனால், போன பணம் திரும்பி வருமா?

பெற்றோர்களே, பிள்ளை செல்போனில் அணி சேர்க்கிறானா? திட்ட வேண்டாம். "பணம் கட்டினாயா?" என்று மட்டும் கேளுங்கள்.

கடலூர் வீராங்கனைகள்

பிள்ளையிடம் இன்னொரு கேள்வியும் கேட்கலாம். இங்கிலாந்து வீரர் 15 பேரைத் தெரிந்த உனக்கு, நம் மாவட்டத்து வீராங்கனைகளைத் தெரியுமா?

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி கடலூர்க் கரையைச் சூறையாடியது. அதன் பின், கடலூர் அரசுக் காப்பகத்துச் சிறுமிகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தார் பயிற்சியாளர் மாரியப்பன். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி 2017-18-ல் இந்தியப் பெண்கள் லீக் போட்டியிலேயே ஆடியது.

கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை ஆனார். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் வேலையும் பெற்றார். 2018-ல் கட்டாக்கில், பலமுறை கோப்பை வாங்கிய மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. அந்த அணியில் அவர் இருந்தார். கடலூர் மாவட்டத்துச் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்கு ஆடினார்.

இவர்களுக்கு ஆற்றில் யாரும் 30 அடிப் படம் வைக்கவில்லை. காலியான வரிசைகளுக்கு முன்னால்தான் பெண்கள் பல ஆட்டங்களை ஆடுகிறார்கள்.

கடலூர் அண்ணா ஸ்டேடியத்தில் அடுத்த முறை பெண்கள் ஆட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டால், குடும்பத்தோடு போய் உட்காருங்கள். செல்போன் மானேஜரையும் கூட்டிச் செல்லுங்கள்!