எட்டு மாத்திரைகளும் மூன்று மாதங்களும்

மருத்துவமனையிலிருந்து இல்லம் திரும்பும் ஒருவரின் பையில் நூற்றுக்கணக்கான மாத்திரைகள் இருக்கக் கண்டால் லயத்தில் உள்ளோர் வியப்படைவது இயல்பே. காலையில் நான்கு, மாலையில் நான்கு என்று எண்ணி உண்ண வேண்டும் எனக் கேட்டதும், டாக்டர் தவறாக எழுதிவிட்டாரோ என்ற ஐயமும் எழக்கூடும். மெலியோய்டோசிஸ் என்னும் நோய்க்கு அளிக்கப்பெறும் கோ-டிரைமொக்சசோல் மருந்தைப் பொறுத்தவரை, அதில் தவறேதும் இல்லை. அத்துணை மருந்து எதற்கு, அதனைத் தீங்கின்றி உண்பது எங்ஙனம் என்பவற்றை இங்குக் காண்போம்.

இந்நோயின் கிருமி ஈர மண்ணிலும் சேற்று நீரிலும் வாழ்கின்றது. குதிகால் வெடிப்பு, கையில் பட்ட கீறல் ஆகியவற்றின் வழியாகவோ மூச்சின் வழியாகவோ உடலினுள் புகுகின்றது. மழைக்காலத்தில் இந்நோய் மிகுதி. 1911ஆம் ஆண்டில் ரங்கூன் நகரில் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றிய கிருஷ்ணசாமியும் இதனைக் கண்டறிந்தனர். இன்றைய பெயரை 1921இல் இதற்குச் சூட்டியவர்கள், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஸ்டாண்டன், பிளெட்சர் ஆகிய இருவர். ஆகவே இது நம் நாட்டிற்குப் புதிய நோயன்று. இனிப்பு நீர் உள்ளோரையே இது பெரிதும் தாக்குகின்றது. காய்ச்சலும் இருமலுமாகத் தொடங்குவதால் காச நோய் என மயங்குவதும் உண்டு. கிருமி இரத்தத்தில் பரவிவிட்டாலோ உயிருக்கே ஆபத்து.

மருத்துவம் இரு கட்டங்களாக நடைபெறும். முதலில் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நோய் கடுமையாயின் அதனினும் நீண்ட காலம், மருத்துவமனையில் நரம்பு வழியாக ஊசி மருந்து ஏற்றப்படும். காய்ச்சல் தணிந்து, பசி எடுத்து, நோயாளி எழுந்து நடப்பார். ஆயினும் கிருமி முற்றாக அழிந்திராது. கல்லீரல், மண்ணீரல் போன்ற இடங்களின் சீழ்க்கட்டிகளிலும் உடலின் உயிரணுக்களுக்குள்ளேயும் அது பதுங்கிக் கிடக்கும். அதனை வேரறுக்கவே மாத்திரைகள் குறைந்தது மூன்று மாதங்களுக்குக் கொடுக்கப்படுகின்றன. இடையில் நிறுத்தியவர்களிடமே நோய் மீண்டும் தலைகாட்டுவது அதிகம். ஒரு மாதம் சென்றதும் உடல் தேறிவிட்டது என்று கருதி மாத்திரைப் பையைக் கட்டி வைப்பவர், தம் நலனைத் தாமே அளந்து கொள்கின்றார். பதுங்கியிருக்கும் கிருமியை அந்த அளவுகோல் காட்டாது.

மருந்தின் அளவு உடல் எடையைச் சார்ந்தது. 480 மில்லிகிராம் மாத்திரையாயின், 60 கிலோகிராமுக்கு மேற்பட்டவருக்கு வேளைக்கு 4, 40 முதல் 60 கிலோகிராம் வரை உள்ளவருக்கு வேளைக்கு 3 என்பது வழக்கம். நாளுக்கு இருவேளை. நாளொன்றுக்கு எட்டு எனின் பன்னிரண்டு வாரங்களுக்கு 672 மாத்திரைகள் ஆகின்றன! சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு அளவு குறைக்கப்படும். 960 மில்லிகிராம் மாத்திரையும் உண்டாகையால், அடுத்த வீட்டாரின் எண்ணிக்கையோடு ஒப்பிடுதல் பொருந்தாது. உம்முடைய மருந்துறையின் மேல் எழுதியிருப்பதே உமக்குரிய அளவு.

இரு வேளைகளுக்கும் இடையே பன்னிரண்டு மணி நேரம் இருத்தல் வேண்டும். பெரட்டுக்குப் புறப்படுமுன் காலை 5 மணிக்கும் மாலை 5 மணிக்கும் என வைத்துக் கொண்டால் மறதிக்கு இடமிராது. வெறும் வயிற்றில் குமட்டினால் உணவுக்குப் பின் உண்ணலாம். ஒரு வேளை தவறிவிட்டால், நினைவு வந்தவுடன் உண்க. அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின் தவறியதை விட்டுவிடுக. இரு வேளை மருந்தையும் ஒருசேர உண்ணுதல் கூடவே கூடாது. இம்மருந்து சிறுநீரில் படிகமாகத் தங்காதிருக்கத் தண்ணீர் நிறையப் பருக வேண்டும். மரம் வெட்டச் செல்வோர் நண்பகல் வரை நீரருந்தாதிருக்கும் பழக்கத்தை இக்காலத்திலேனும் கைவிட வேண்டும். இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காக நீரைக் குறைக்கச் சொல்லப்பட்டோர் மட்டும் டாக்டரைக் கேட்டு நடப்பாராக.

உடன் தரப்படும் போலிக் அமில மாத்திரையைச் சத்து மாத்திரை தானே என்று ஒதுக்குவோர் உளர். கோ-டிரைமொக்சசோல், கிருமி தனக்கென ஆக்கிக் கொள்ளும் போலிக் அமிலத்தைத் தடுத்து அதனைக் கொல்கின்றது. மிகுந்த அளவில் உண்ணும்போது நம் இரத்த உற்பத்தியும் சிறிது குன்றலாம். அக்குறையை ஈடுசெய்யவே இம்மாத்திரை. வெளியிலிருந்து வரும் போலிக் அமிலத்தை இக்கிருமியால் பயன்படுத்த இயலாதாகையால் மருந்தின் வலிமை குறைவதில்லை.

சல்பா மருந்து ஒவ்வாதவர்கள், ஜி-6-பி-டி குறைபாடு உடையோர், கருவுற்ற பெண்கள் ஆகியோர் அதனை முன்னரே தெரிவித்தல் இன்றியமையாதது. கிளிக்லசைட் போன்ற இனிப்பு நீர் மாத்திரை உண்போருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்றல் தோன்றினால் உடனே சர்க்கரை கலந்த நீரைப் பருகிவிட்டுக் கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும். இரத்த அழுத்த மருந்துகள் சிலவும் இம்மருந்தும் சேர்ந்து இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தும். உயர்ந்த பொட்டாசியம் எந்த அறிகுறியும் காட்டாமலே இதயத்தைத் தாக்கவல்லது. இரத்தப் பரிசோதனைக்கு அடிக்கடி அழைப்பது இதன்பொருட்டே. ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று அந்நாளைத் தவறவிடுவது ஆபத்தானது.

தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவத்தல், தோல் உரிதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் அடுத்த வேளை மருந்தை உண்ணாமல் அன்றே மருத்துவமனைக்கு விரைக. கண் மஞ்சளித்தல், சிறுநீர் கறுத்தல், காரணமின்றி உடலில் நீலத் தழும்புகள் தோன்றுதல் ஆகியவற்றிற்கும் இதுவே விதி. மருந்தை நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவது தீர்வன்று. மாற்று மருந்துகள் உள்ளன, அவற்றை டாக்டர் தருவார்.

இருமும் அண்டை வீட்டாருக்கு இரண்டு மாத்திரை கொடுத்துதவும் அன்பு நம் தோட்டங்களில் நெடுநாளாக உண்டு. இம்மருந்தில் அவ்வன்பு வேண்டா. பெறுபவருக்குச் சல்பா ஒவ்வாமை இருப்பின் அது உயிர்க்கேடாய் முடியலாம்.

மருத்துவம் நிறைவுற்ற பின்னரும் எப்போதேனும் காய்ச்சல் கண்டால், எந்த டாக்டரிடம் சென்றாலும் "எனக்கு முன்பு மெலியோய்டோசிஸ் இருந்தது" என்று முதலில் கூறிவிடுக. பென்சிலின் முதலிய சில மருந்துகள் இக்கிருமியிடம் பலிப்பதில்லை. எனவே எதைத் தருவது என்று முடிவு செய்ய அவருக்கு அச்செய்தி தேவை.