டைசல்பிரம்

டைசல்பிரம் என்பது மதுவை நிறுத்தியவர் மீண்டும் குடிக்காமலிருக்கத் தரப்படும் மாத்திரை. இது குடிக்கும் ஆசையைத் தணிப்பதில்லை; குடித்தால் உடல் தாங்காத நிலையை உண்டாக்குகிறது. கல்லீரலில் மது அசிட்டால்டிகைடாக மாறும். அதைச் சிதைக்கும் நொதியை டைசல்பிரம் முடக்குவதால் அது இரத்தத்தில் தேங்கி, முகம் சிவத்தல், வாந்தி, படபடப்பு ஏற்படுகின்றன. குடற்புழு மருந்தாகுமா என்று ஆராய்கையில் தாமே அதை உட்கொண்ட டென்மார்க்கு ஆய்வாளர்கள் ஹால்ட், யாகோப்சன் இதைக் கவனித்து 1948இல் வெளியிட்டனர்.

2004இல் வெளியான மும்பை ஆய்வொன்றில், மதுவுக்கு அடிமையான 100 ஆண்களுக்கு டைசல்பிரம் அல்லது நால்ட்ரெக்சோன் தரப்பட்டது. ஓராண்டு முடிவில் டைசல்பிரம் பெற்றவர்களில் 86 விழுக்காட்டினரும், நால்ட்ரெக்சோன் பெற்றவர்களில் 44 விழுக்காட்டினரும் குடிக்காதிருந்தனர். ஆனால் மருந்தைத் தவறாமல் சாப்பிடச் செய்ய வீட்டில் ஒருவர் உள்ளவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். இதை விட்டுவிட்டு அந்த எண்களைப் படிப்பது தவறு.

சென்னை அடையாறு இந்திரா நகரிலுள்ள டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையின் சிகிச்சையிலும் குடும்பத்தினருக்குப் பங்குண்டு. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் இதைத் தொடங்கினார். 1992இல் பத்மசிறீ விருது பெற்றார்.

குடும்பத்தார் உதவுவது என்பது சோற்றிலோ காப்பியிலோ தெரியாமல் கலந்து கொடுப்பதன்று. மருந்து உள்ளே இருப்பதை அறியாதவர் வழக்கம்போல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். இதய நோயாளிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல், நோயாளியின் சம்மதமின்றி இதைத் தொடங்கக் கூடாது. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரு வாரங்கள் வரை விளைவு நீடிக்கலாம். அதுவரை ஆல்ககால் கலந்த இருமல் மருந்தும் ஆகாது.