கைத்தொலைபேசிக்குள் அடங்குமா உங்கள் கடை?

வன்னியில் 2009இல் போர் முடிந்த பின் பலர் இணையத்தை முதன்முதலில் தொட்டதே கைத்தொலைபேசியில்தான். ஆனாலும் பல வியாபாரத் தளங்கள் அதில் பொடி எழுத்தாகவே திறக்கின்றன. ஏன்?

2007இல் ஐபோன் வந்தபோது இணையப் பக்கங்கள் பெரும்பாலும் கணினித் திரைக்கே வடிவமைக்கப்பட்டிருந்தன. அதனால் அதன் உலாவி, பக்கத்தின் அகலத்தை 980 பிக்சல் என்று வைத்துக்கொண்டு முழுவதையும் சுருக்கிக் காட்டியது. மாற்றுக் கட்டளை இல்லாத பக்கங்களுக்கு இன்றும் ஏறக்குறைய இதே கதிதான். 360 பிக்சல் அகலத் திரையில், 16 பிக்சல் எழுத்து 6 ஆகிவிடும். தமிழுக்கு இது பெரிய அநியாயம்: மெய்யெழுத்தின் புள்ளி மறையும், 'ரி'யும் 'ரீ'யும் ஒன்றாகும்.

'திரையின் உண்மையான அகலத்தையே எடு' என்று பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு வரி எழுதுவதுதான் முதல் மருந்து. அடுத்தது, இணைய வடிவமைப்பாளர் ஈதன் மார்கொட் 2010இல் பெயரிட்டு விளக்கிய முறை. பத்திகளின் அகலம் விழுக்காட்டில் இருக்கும். திரை ஒடுங்கினால் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். படங்களும் சிறிய அளவில் வந்தால் டேட்டா மிஞ்சும். 'தொடர்புகொள்ளவும்' போன்ற நீளச் சொற்களுக்குப் பொத்தான் விரிய இடம் விடவேண்டும்.

அயலவருக்கு மட்டும் விற்கும் கடைக்கு வட்ஸ்அப் இலக்கமே போதும் என்பேன். ஆனால் வெளிநாட்டு உறவுகள் அறை தேடும் வவுனியா விடுதிக்குக் கைத்தொலைபேசிக்கு ஏற்ற தளம் கட்டாயம். கைத்தொலைபேசித் தேடலில் இத்தகைய பக்கங்களுக்குக் கூகுள் 2015 ஏப்ரலிலேயே முன்னுரிமை தரத் தொடங்கியது. தளம் செய்தவரிடம் காசு கொடுக்குமுன், விலை குறைந்த ஒரு போனில், வெளிவெயிலில் நின்று திறந்து பாருங்கள்.