உடல் பருத்தோர் உள்ளம் நோகலாமா?

திருமண விருந்தில் சகனைச் சுற்றி அமர்ந்து உண்ணுகிறோம். உடல் பருத்த ஒருவரைச் சுட்டி, "இவருக்குத் தனிச் சகன் வையுங்கள்" என்கிறார் ஒருவர். எல்லோரும் சிரிக்கின்றனர், அவரும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பின் பின்னே மறைந்திருக்கும் வேதனையை என்றேனும் எண்ணிப் பார்த்தீர்களா?

உடற்பருமன் பெருந்தீனியால் மட்டுமே வருவதன்று. பரம்பரை, சுரப்பிகளின் கோளாறு, சில மருந்துகள், உறக்கக் குறைவு, மனக்கவலை ஆகியனவும் அதற்குக் காரணமாகின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010 இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, உடல் பருத்தோர்க்கு மனச்சோர்வு உண்டாகும் வாய்ப்பு 55 சதவிகிதம் கூடுதல் என்றது. மனச்சோர்வுற்றோர் உடல் பருக்கும் வாய்ப்போ 58 சதவிகிதம் கூடுதல். ஆக, ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

"கேலி செய்தால்தானே ரோஷம் வந்து இளைப்பார்?" என்று சிலர் வாதிடலாம். இங்கிலாந்தில் ஐம்பது வயதைக் கடந்த ஏறத்தாழ 2,900 பேரை நான்காண்டுகள் கவனித்து, 2014 இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதை மறுக்கிறது. எடையின் பொருட்டு இழிவாக நடத்தப்பட்டதாகக் கூறியோரின் எடை சராசரியாகக் கூடியது. மற்றோரின் எடை சற்றுக் குறைந்தது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்தைப் பாருங்கள். அன்னை சவ்தா (ரலி) அவர்கள் பருத்த உடலும் மெதுவான நடையும் உடையவர்கள். ஹஜ்ஜின்போது முஸ்தலிபாவிலிருந்து, மக்கள் நெரிசலுக்கு முன்பே புறப்பட்டுச் செல்ல அனுமதி வேண்டினார்கள். அண்ணலார் அனுமதித்தார்கள். அந்த அனுமதியைத் தாமும் பெற்றிருக்கலாகாதா என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பின்னாளில் ஏங்கியதாகப் புகாரி ஹதீஸ் நூல் தெரிவிக்கிறது. அங்கே பருத்த உடல் பரிகாசத்துக்குரியதாகவில்லை, பரிவுக்குரியதாயிற்று.

பிறரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் திருக்குர்ஆனின் 49 ஆம் அத்தியாயம் 11 ஆம் வசனம் தடுக்கின்றது. "குண்டன்", "தடிச்சி" என்பன பட்டப்பெயர்களல்லவா? அளவோடு உண்பது நம் மார்க்கம் போதிக்கும் பண்பே. ஆனால் அதை எடுத்துச் சொல்லும் இடம் விருந்துச் சபையன்று. தனிமையில், அன்போடு, அவர் கேட்க விரும்பினால் மட்டும் கூறுங்கள். மாலையில் அவரோடு சேர்ந்து சற்று நடங்கள். ஆயிரம் அறிவுரைகளினும் அது மேல்.

உடல் பருத்த சகோதர, சகோதரிகளே! வெட்கத்தால் மருத்துவரைத் தவிர்க்காதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக உற்சாகம் குன்றி, உறக்கம் கெட்டு, எதிலும் நாட்டமற்றிருந்தால், அதை ஈமானின் குறையென எண்ணி மறைக்க வேண்டாம். அதுவும் சிகிச்சைக்குரிய நோயே.

அடுத்த விருந்தில் அவர் உங்கள் சகனுக்கு வரும்போது, சற்று நகர்ந்து அமர்ந்து இடம் கொடுங்கள். உள்ளத்திலும் இடம் கொடுங்கள்.