வேடிக்கை மனைகளின் வரலாறு

கேளிக்கைப் பூங்காக்களில் மக்கள் தம் காலால் நடந்து கடக்குமாறு அமைந்த வேடிக்கை மனைகள் பல உள. ஊர்தியில் அமர்ந்து செல்வோரைப் பொறி இயக்கும். மனையுள் புகுந்தோரோ தம் அடியைத் தாமே எடுத்து வைத்தல் வேண்டும். இவ்வேறுபாடே இவற்றின் சுவைக்கும் இடருக்கும் நிலைக்களனாதலை ஈண்டு ஆராய்வாம்.

நியூயார்க்கின் கோனித் தீவில் ஜார்ஜ் டில்யூ என்பார் 1897-இல் ஸ்டீபிள்சேஸ் பூங்காவைத் திறந்தார். 1907-இல் அது தீக்கிரையானபின், இரும்பும் கண்ணாடியும் கொண்டு எழுப்பிய பெருங்கூடத்துள், உருளும் பீப்பாய் முதலியவற்றின் வழியே மக்கள் தடுமாறி நடந்தனர். வீழ்வோரைக் கண்டு நகைத்தோர் பின்னர்த் தாமும் வீழ்ந்தனர். ஆண்டுக் காண்போரே கூத்தரும் ஆயினர் என்க. அப்பூங்கா 1964-இல் மூடப்பட்டது.

நகையோடு அச்சத்தை விரவிய மனைகளும் தோன்றின. இங்கிலாந்தில் ஆர்ட்டன்–ஸ்பூனர் நிறுவனத்தார் 1915-இல் நீராவியால் இயங்கும் பேய்மனையொன்றைச் செய்தனர். அந்நாட்டுப் பிளாக்பூல் நகரில் 1922-இலும், அமெரிக்கக் கென்னிவுட் பூங்காவில் 1936-இலும் விவிலியம் கூறும் நோவாவின் பேழை மனையாக அமைக்கப்பட்டது. பேழை முழுவதும் பொறியால் அசைந்தாட, உள்ளே இருள் செறிந்த வழி வளைந்து செல்லும். கதை அறிந்தோர்க்கு அவ்வசைவு பெருவெள்ளத்தை நினைவூட்டும். இங்ஙனம் வெற்று வேடிக்கை ஒரு கருப்பொருளைப் பெற்றது.

எனினும் நடைவழிக்கு ஒரு குறை உண்டு. முன்னே ஒருவர் நின்றால் பின்னுள்ளார் அனைவரும் நிற்பர். டிஸ்னிலாந்தின் பேய்மாளிகை முதற்கண் நடைவழியாகவே எண்ணப்பட்டது; திரளான மக்களை இடையறாது செலுத்தவேண்டி, 1969-இல் நகரும் இருக்கைகளோடு திறக்கப்பட்டது.

மற்றொரு குறை உயிரைக் கொள்வது. நியூசெர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவின் பேய்க்கோட்டையில் 1984 மே 11-இல் எழுந்த தீயில் இளையோர் எண்மர் மாண்டனர். நீர்தெளிக்கும் அமைப்பு அங்கு இல்லை. இருளும் வளைவும் மயக்கமும் அம்மனையின் கலைக்கூறுகள். தீ எழுந்தபோது அவையே தப்புவோரைத் தடுக்கும் தடைகளாயின. அதன்பின் அமெரிக்க விதிகள் கடுமையுற்றன. நீர்தெளிப்பானும் புகையுணர் கருவியும் வேண்டும் என்பதோடு, புகை உணரப்பட்டவுடன் மயக்கும் ஒலியும் காட்சியும் நின்று, வழியெங்கும் விளக்கு எரிதல் வேண்டும் எனவும் வகுக்கப்பட்டது.

இவ்விதி கலைக்குப் பகையன்று என்பதே எம் கருத்து. வெளியேறும் வழி உண்டு என்னும் துணிபே அச்சத்தை நகையாக மாற்றுவது; அத்துணிபு பொய்ப்பின் கூத்தின் அச்சம் மெய்யச்சமாய் முடியும். ஆதலின், மறைந்த வழியை நொடியில் காட்டவல்ல மனையே அச்சுறுத்தும் உரிமை உடையது எனத் துணியலாம்.