இடி இறங்கும் கேபிள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள சாலைகளில் எடைமேடைகளுக்குக் குறைவில்லை. இரும்பு உருக்காலைகளுக்கு ஸ்கிராப் ஏற்றி வரும் லாரிகள் அங்கே வரிசையில் நிற்கும். மேடை வெயிலிலும் மழையிலும் கிடக்கும்; எடை காட்டும் இண்டிகேட்டர் கேபினுக்குள் மேஜைமேல் இருக்கும்; இரண்டுக்கும் நடுவே ஒரு சிக்னல் கேபிள் ஓடும். கோடை மழையில் பக்கத்துத் தோப்பில் இடி விழுந்தாலே போதும், மேடைக்கு அடியிலிருக்கும் லோடு செல் போய்விடும். சில சமயம் இண்டிகேட்டரும் சேர்ந்து போகும். மேடைமேலேயே இடி விழ வேண்டும் என்பதில்லை. மேடைக்கு ஒரு எர்த், கேபினுக்கு வேறொரு எர்த் என்று இருந்தால், இடி விழும் கணத்தில் இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் எழும். அதைத் தீர்த்துக்கொள்ள மின்னோட்டம் அந்த மெல்லிய கேபிளில் பாயும். விஷயம் தெரிந்த மெக்கானிக் இதற்குச் செய்யும் வைத்தியம் எளிது: ஒவ்வொரு லோடு செல்லையும் தாண்டிப் போகும் செம்புப் பட்டை, மேடையையும் கேபினையும் இணைக்கும் தடித்த கம்பி, எல்லாவற்றுக்கும் ஒரே எர்த்.

ஹாம் ரேடியோ வைத்திருப்பவர் வீட்டிலும் கதை இதுதான். மொட்டை மாடியில் ஜி.ஐ. பைப்பில் கட்டிய ஆன்டெனா, கீழே அறையில் ரேடியோ, நடுவே கோஆக்ஸ் கேபிள். எடைமேடைக்காரருக்குத் தெரிந்த வைத்தியம் படித்த ஹாம்கள் பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் வேடிக்கை. அவர்களில் பெரும்பாலோர் நம்புவது மாடியில் நட்ட ஓர் இடிதாங்கியையும், ‘ரேடியோவுக்கென்று தனியாகப் போட்ட சுத்தமான எர்த்’தையும்தான். இரண்டாவது நம்பிக்கை ஆபத்தானது.

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேறி, உரிமமும் ‘வி.யூ.’ என்று தொடங்கும் அழைப்புக்குறியும் பெற்று, சொந்தச் செலவில் உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்குதான் ஹாம் ரேடியோ. சென்னைக்கு நூறாண்டுப் பழக்கம். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924லேயே ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலிக்கு அந்தப் பெயர் வந்தது 1936ல்தான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் நிலையம் நடத்துவதற்காகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத்தும் அவருடன் இருந்தவர்களும் பொழுதுபோக்கை அப்படியே நிறுத்திவிட்டு, தீவுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே செய்தி கடத்தினார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் கரை கடந்த பின் வடசென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் மின்சாரமும் செல்போனும் இல்லாமல் தவித்தது இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் ஊருக்கு உதவ வேண்டிய கருவி, ஆறு மாதம் முன்னாலேயே ஒரு மே மாத இடியில் கருகிக் கிடந்தால் யாருக்கு என்ன பயன்?

மே மாதம் என்று சொல்லக் காரணம் உண்டு. புயலில் நம்மை மிரட்டுவது காற்றும் வெள்ளமும். ரேடியோவுக்கு எமன் பெரும்பாலும் பெயர் சூட்டப்படாத மாலை மழைதான். வெப்பச் சலனம் என்று தொலைக்காட்சியில் தினமும் கேட்கிறோமே, அதுதான். பகலெல்லாம் வெயில் கொளுத்தும். ராணிப்பேட்டை, திருத்தணிப் பக்கம் மேகம் திரளும். கடற்காற்று உள்ளே நுழைந்து மோதும். இருட்டுகிற வேளையில் இடிமேகம் பூண்டி, திருவள்ளூர், பெரியபாளையம் என்று கடலை நோக்கி நகர்ந்து வரும். மேலே வெளிச்சம் இருக்கும்போதே மேற்கே உறுமல் கேட்கும்.

தொழிற்பேட்டை ஓரத்து வீடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தூண்டல் உலைகளும் பெரிய மோட்டார்களின் டிரைவ்களும் எழுப்பும் இரைச்சல் சிற்றலை வரிசைகளைக் கெடுத்துவிடும். அதிலிருந்து தப்ப ஆன்டெனாவை வீட்டைவிட்டுத் தள்ளி, இன்னும் உயரமாகக் கட்ட வேண்டியிருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸுக்கான சாதாரண டைபோலே முனைக்கு முனை சுமார் 20 மீட்டர் நீளம். உயரமும் கூடி, கேபிளும் நீண்டால் மின்னலுக்கு வசதிதானே.

வானொலிக்கும் மின்னலுக்கும் உள்ள உறவு பழையது. ரஷ்ய விஞ்ஞானி அலெக்சாண்டர் போபோவ் 1895 மே 7 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் செய்து காட்டிய அலைவாங்கியை, அவர் அடுத்துப் பயன்படுத்தியது தொலைவில் இடிக்கும் இடியைப் பதிவுசெய்யத்தான். இன்றும் மீடியம் வேவ் ரேடியோவைத் திறந்து வைத்தால், இடிமேகம் கண்ணில் படுவதற்கு முன்பே படபடவென்று கொறிக்கும் சத்தம் கேட்கும். காசில்லாமல் கிடைக்கும் முன்னெச்சரிக்கை இது.

மின்னல் ஏன் இப்படி நாசம் செய்கிறது? மின்னலின் வெப்பம் சுமார் 30,000 டிகிரி, ஓட்டம் சராசரியாக 30,000 ஆம்பியர் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் கருவிகளைக் கொல்வது ஓட்டத்தின் அளவைவிட அது ஏறும் வேகம். சில மைக்ரோ விநாடிகளில் பூஜ்யத்திலிருந்து உச்சிக்குப் போய்விடும். நேரான கம்பி எதுவானாலும் மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி மின்தூண்டல் உண்டு. ஒரு மைக்ரோ விநாடிக்கு 10,000 ஆம்பியர் வீதம் ஓட்டம் ஏறினால், அந்தக் கம்பியின் ஒவ்வொரு மீட்டரிலும் 10,000 வோல்ட் எழும். முதல் மாடி அறையிலிருந்து தரைக்கு 5 மீட்டர் எர்த் கம்பி இறக்கியிருக்கிறீர்கள் என்றால், கம்பியின் தடை சுத்தமாகப் பூஜ்யமாகவே இருந்தாலும் அதன் மேல்முனை தரையைவிட 50,000 வோல்ட் உயரத்தில் நிற்கும். மின்னலின் பத்தில் ஒரு பங்குதான் அந்த வழியே வந்தது என்றாலும் 5,000 வோல்ட். மெகரை வைத்து எர்த் தடையை அளந்து ‘1 ஓமுக்குக் கீழே, பிரமாதம்’ என்று திருப்திப்படுவதன் போதாமை இங்கேதான் தெரிகிறது. கம்பி குட்டையாக, நேராக, வளைவில்லாமல் இருக்க வேண்டும். உருண்டைக் கம்பியைவிட அகலமான செம்புப் பட்டை நல்லது. ரேடியோ அறை தரைத்தளத்தில் இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

ஆக, மின்னல் இறங்கும் கணத்தில் வீட்டின் எர்த்தே ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறிவிடும். அதைத் தடுக்க முடியாது. ஏறினால் ஏறட்டும், எல்லாம் சேர்ந்து ஏறட்டும் என்பதுதான் பாதுகாப்பின் மொத்த சூட்சுமம். பழவேற்காட்டில் நீர் ஏறும்போது படகு ஏறுவதால் படகிலிருக்கும் எதுவும் உடைவதில்லை. ஏதாவது ஒன்றைக் கரையோடு தனிக் கயிற்றில் கட்டியிருந்தால்தான் வம்பு. ரேடியோவுக்கென்று தோட்டத்தில் போட்ட தனி எர்த்தான் அந்தக் கயிறு. கோஆக்ஸின் வெளியுறை தோட்டத்து எர்த்தில். பவர் சப்ளையின் மூன்றாவது பின் ஈ.பி. எர்த்தில். இரண்டு எர்த்தும் சந்திக்கும் ஒரே இடம் உங்கள் ரேடியோவின் சர்க்யூட் போர்டு. இடி விழுந்தால் அங்கேதான் வெடிக்கும்.

இதற்கான வேலையை ஒரு நல்ல வயர்மேனும் நீங்களும் சேர்ந்து ஓரிரு நாளில் முடிக்கலாம். கேபிள்கள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், தரைக்கு அருகில், சுவரில் ஒரு செம்பு அல்லது அலுமினியத் தகடு. வெளியிலிருந்து வரும் எதுவும் அந்தத் தகட்டைத் தொடாமல் உள்ளே போகக் கூடாது. கோஆக்ஸுக்கு அங்கே வாயுக்குழாய் அரெஸ்டர். ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டரின் கம்பி ஒவ்வொன்றுக்கும் எம்.ஓ.வி. என்ற சர்ஜ் தடுப்பான்; ரேடியோ மேஜைக்கு வரும் 230 வோல்ட் லைனும் அந்தத் தகட்டின் வழியாகவே, அதற்குரிய சர்ஜ் பாதுகாப்போடு. மேஜைமேல் இருக்கும் ரேடியோ, பவர் சப்ளை, ஆன்டெனா டியூனர், கம்ப்யூட்டர் எல்லாவற்றின் உடற்பகுதியும் அந்தத் தகட்டோடு இணைய வேண்டும். தகட்டிலிருந்து கீழே, 2.5 மீட்டர் ஆழம் இறங்கும் எர்த் கம்பிகளுக்கு நேராக ஒரு பட்டை. கடைசியாக, பலரும் விட்டுவிடும் இணைப்பு: தகட்டின் எர்த்தையும் மீட்டர் போர்டின் வீட்டு எர்த்தையும் தடித்த கம்பியால் வீட்டுக்கு வெளியே இணைக்க வேண்டும். எர்த்தைத்தான், நியூட்ரலில் கை வைக்கவே கூடாது. இடிக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 வலியுறுத்தும் சம மின்னழுத்த இணைப்பு என்பது இதுதான்.

இன்டர்நெட் மோடத்தை மறந்துவிடக் கூடாது. ரேடியோவோடு கம்ப்யூட்டரை இணைப்பது இப்போது சாதாரணம்; கம்ப்யூட்டரிலிருந்து நீளமான லேன் கேபிள் அடுத்த அறைக்கு ஓடும். தகட்டைத் தாண்டிய கள்ளவழி அது. வைஃபைக்கு மாறிவிடுங்கள்.

ஆன்டெனா இல்லாத வீட்டுக்காரருக்கும் இதில் பாதி பொருந்தும். இடி பெரும்பாலும் நேரடியாக வருவதில்லை, ஈ.பி. லைன் வழியாகத்தான் வருகிறது. எம்.சி.பி. இருக்கிறதே, ட்ரிப் ஆகிவிடும் என்பார்கள். எம்.சி.பி.க்கு மில்லி விநாடிகள் வேண்டும். மின்னல் மைக்ரோ விநாடிகளில் வேலையை முடித்துவிடும். ஸ்டெபிலைசரும் இதற்கு உதவாது. மெயின் போர்டில் எஸ்.பி.டி. என்ற சர்ஜ் பாதுகாப்புக் கருவி வேண்டும். அதுவும் வாங்கி மாட்டிவிட்டால் ஆயுளுக்கும் போதும் என்பதில்லை. அடி வாங்க வாங்கத் தேயும். அதன் முகத்தில் இருக்கும் சிறு ஜன்னலில் பச்சை சிவப்பாகிவிட்டால் மாற்ற வேண்டும்.

மண்ணும் ஊருக்கு ஊர் வேறு. பழவேற்காடு, காட்டுப்பள்ளிப் பக்கம் நிலத்தடி நீர் மேலேயே உப்பாகக் கிடக்கும். எர்த் தடை சுலபமாகக் குறையும், ஆனால் ஜி.ஐ. பைப்பும் போல்ட்டும் சீக்கிரம் துருவாகும். திருத்தணியின் பாறை நிலத்தில் ஒரு குழியில் கரியும் உப்பும் கொட்டிப் பயனில்லை. ஆழம் போக முடியாவிட்டால் அகலம் போக வேண்டும்: செம்புக் கம்பிகளை ஓரடி ஆழத்தில் நாலா பக்கமும் ஓடவிட்டு, வீட்டைச் சுற்றி வளையமாக இணைப்பது அங்கே பலன் தரும். எர்த் கம்பிகளை நெருக்கி நடுவது வீண். ஒரு கம்பியின் நீளத்தைப்போல் இரு மடங்கு இடைவெளி விட வேண்டும்.

தொழிற்சாலைகளிலும் அடுக்குமாடிகளிலும் உச்சியில் உருண்டைத் தலையோடு ஒரு கருவி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்னலை முந்திக்கொண்டு பிடிக்கும், நூறு மீட்டர் சுற்றுவட்டத்தைக் காக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். ஐ.இ.சி. 62305 அதற்குச் சாதாரணக் கம்பியைவிட ஒரு மதிப்பெண்கூட அதிகம் தருவதில்லை. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கமும் இதற்கென வரைந்த தரநிலையை 2000ல் ஏற்க மறுத்துவிட்டது. அந்தப் பணத்துக்குச் செம்புப் பட்டை வாங்கலாம்.

இவ்வளவும் செய்தாலும் கழற்றி வைப்பதற்கு நிகர் இல்லை. பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டைச் சுற்றி உயரமான மின்னல் கோபுரங்கள் நிற்கின்றன. இருந்தும் இடிமேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ராக்கெட்டை ஏவுகிறார்கள். ரேடியோ ஓடாத நேரமெல்லாம் கேபிளைத் தகட்டிலேயே கழற்றி வைப்பது பழக்கமாகிவிட வேண்டும். மழை வரட்டும், கழற்றலாம் என்று இருந்தால் மழை வரும்போது நீங்கள் வேலையில் இருப்பீர்கள். கழற்றிய முனையை அறைக்குள் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுவதில் அர்த்தமில்லை. அதைக் கண்ணாடி பாட்டிலுக்குள் போட்டுவைக்கும் பழக்கம்கூட ஹாம்களிடம் உண்டு. கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த பொறிக்கு ஊறுகாய் பாட்டில் ஒரு பொருட்டா?

வானம் உறுமத் தொடங்கிய பிறகோ, கேபிள் பக்கம் போகவே கூடாது. இந்தியாவில் 2022ல் மட்டும் மின்னலுக்கு 2,887 பேர் பலியானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் இடி 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மைக்கையும் ஹெட்போனையும் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். கடைசி உறுமலுக்குப் பின் அரை மணி நேரம் போகட்டும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்தில் விழும் மின்னல்களைக் காட்டும், போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த வெயில் நாளில் எர்த் குழியின் மூடியைத் திறந்து போல்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். துருவேறியிருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். ரேடியோவுக்கும் வீட்டுக்கும் தனித்தனி எர்த் இருந்தால், வயர்மேனைக் கூப்பிட்டு இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள்.