சின்கோனா தந்த செல்வர்

மருந்துண்பார் பலர், அதனைத் தேடிக் கொணர்ந்தோரை நினைப்பார் சிலரே. அங்ஙனம் மறக்கப்பட்டோருள் ஒருவர் றிச்சாட் ஸ்புறூஸ். இங்கிலாந்தின் யோக்சயரில் 1817ஆம் ஆண்டில் பள்ளியாசிரியர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, தாமும் ஆசிரியராயிருந்த இவர், 1849இல் தாவர மாதிரிகளைச் சேகரிக்கத் தென்னமெரிக்கா சென்றார். அமேசன் காடுகளிலும் அந்தீசு மலைகளிலும் 15 ஆண்டுகள் அலைந்து, பறித்த செடிகளை உலர்த்தித் தாயகத்துக்கு அனுப்பிவந்தார்.

மலேரியாச் சுரத்தைத் தணிக்கும் குயினீன் சின்கோனா மரப்பட்டையிலிருந்து பெறப்படுவது. சிவப்புப்பட்டைச் சின்கோனாவின் வித்துக்களைப் பெற்றனுப்புமாறு பிரித்தானிய அரசு ஸ்புறூசைப் பணித்தது. 1860இல் முதுகும் கால்களும் வழங்காது வருந்திய நிலையிலும், அவர் எக்குவடோரின் சிம்பொராசோ மலைச்சாரலை அடைந்து, துணைவர் உதவியோடு ஏறக்குறைய 1,00,000 வித்துக்களையும் 600க்கு மேற்பட்ட கன்றுகளையும் சேர்த்தார். நீலகிரியிற் சிவப்புப்பட்டைச் சின்கோனா செழித்தது இவற்றாலேயாம். நம் நாட்டு ஹக்கலைத் தோட்டமும் 1861இல் சின்கோனா வளர்ப்பதற்கெனவே தொடங்கப்பெற்றது.

அவர் பெற்ற கைம்மாறு யாது? அவ்வாண்டிலேயே வங்கியொன்றின் வீழ்ச்சியாற் சேமிப்பு அழிந்தது, உடல்நலம் மீளவில்லை, அரசு முதலில் அளித்த உபகாரச் சம்பளம் ஆண்டுக்கு 50 பவுண் மாத்திரமே. ஆயினும், எவரும் பயன் காணாத ஈரலுருத்தாவரங்களைப் படுக்கையிலிருந்தும் ஆராய்ந்து, 1885இற் பெருநூலொன்றை நிறைவுசெய்தார், 1893இல் மறைந்தார். பயன் கருதாது செடிகளைப் பயின்ற கண்ணே உலகம் வேண்டிநின்ற மருந்துமரத்தையும் இனங்கண்டது என்பதை மாணவர் சிந்திப்பாராக.